திரையில் உருளும் பகடை: ரோல் பிளேயிங் ஆட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ரோல் பிளேயிங் ஆட்டம் என்றால் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, சேர்ந்து பேசியே ஒரு கதையை நடத்துவது; எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அதற்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கதைப் பகுதி சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஒரு திருடன், ஒரு மந்திரவாதி, பாழடைந்த ஒரு கோட்டை என்று சொன்னதும் மனசு தானாக உள்ளே போய்விடுகிறது. தடுமாற்றம் பகடையில்தான் வரும். "டி20 போடுங்க, வர்ற நம்பரோட அஞ்சைக் கூட்டிக்கோங்க" என்பார் ஆட்டத்தை நடத்துபவர். வீட்டில் இருப்பதோ பரமபத அட்டையோடு வந்த ஆறு பக்கப் பகடை ஒன்று. இருபது பக்கத்துக்கு எங்கே போவது?

கையில் இருக்கும் போனே போதும். கூகுளில் ஆங்கிலத்தில் 'ரோல் டைஸ்' என்று தேடினால் 4 பக்கத்திலிருந்து 20 பக்கம் வரையுள்ள பகடைகள் திரையில் வந்துவிடும். தொட்டால் உருளும். இதுதான் மெய்நிகர் பகடை. உள்ளே எந்தப் பொருளும் உருள்வதில்லை. ஒரு நிரல் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, திரை அதைக் காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வருகிறது, அதை நம்பலாமா, நாலைந்து பேர் சேர்ந்து ஆடும்போது அதை எப்படிக் கையாள்வது என்று தெரிந்துகொண்டால் ஆட்டத்தில் வீண் சண்டை குறையும். கணக்கும் எளிதாகும்.

பகடைகளின் குடும்பம்

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் தொடக்கம் என்று சொல்லப்படும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஆறு பக்கப் பகடையோடு நிற்காமல் பல பக்கப் பகடைகளை மேஜைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு ஒரு செட் என்றால் 4, 6, 8, 10, 12, 20 பக்கப் பகடைகள் அதில் இருக்கும். பேச்சில் டி4, டி6, டி8 என்று சொல்வார்கள். 'டி' என்பது பகடை, பின்னால் வருவது பக்கங்களின் எண்ணிக்கை.

ஏன் இந்த எண்ணிக்கைகள்? எல்லா முகமும் ஒரே அளவில், ஒரே ஒழுங்கு வடிவத்தில், ஒவ்வொரு முனையிலும் ஒரே மாதிரி கூடும்படி ஒரு குவிந்த திண்மத்தைச் செய்ய ஐந்தே வழிகள்தான் உண்டு என்று வடிவியல் சொல்கிறது. அவற்றின் முகங்கள் 4, 6, 8, 12, 20. அதனால் இந்த ஐந்தும் இயல்பாகவே பகடைக்குப் பொருந்திவிட்டன. பத்துப் பக்கப் பகடை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இல்லை, பின்னால் வந்து சேர்ந்தது. பட்டம் போன்ற பத்து முகங்களை ஒட்டிச் செய்த வடிவம் அது. இருபது பக்கப் பகடை புதுமை என்று நினைக்க வேண்டாம். எகிப்தில் கிடைத்த, கிரேக்க எழுத்துகள் பொறித்த இருபது முகப் பகடை ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானியர் காலத்தை ஒட்டியது.

நம் ஊர்த் தாயக்கட்டையும் ஒரு டி4-தான். நீளமான பித்தளைக் கட்டை, நான்கு பக்கம்; ஒன்றில் ஒன்றும் இல்லை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்கு முகம் வேண்டும் என்றால் பிரமிடு செய்யத் தேவையில்லை, நீளமாகச் செய்து இரு முனையையும் விட்டுவிடலாம் என்று நம் ஆட்கள் கண்ட வழி. எனக்கு இந்த வடிவம்தான் பிடிக்கும். பிரமிடு வடிவ டி4 கீழே விழுந்தால் மேலே ஒரு முகம் இருக்காது, முனைதான் இருக்கும். எந்த எண்ணைப் படிப்பது என்று புதியவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

மெய்நிகர் பகடைக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. வடிவமே இல்லாததால் டி3, டி7, டி100 என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். டி100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் வந்த கால் ஆஃப் கதுலு போன்ற ஆட்டங்கள் சதவீதத்தை வைத்தே நடக்கின்றன. பூட்டுத் திறப்பதில் உங்கள் திறமை 45 என்றால் 1 முதல் 100-க்குள் 45 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். கையால் உருட்டும்போது இரண்டு டி10 தேவை: ஒன்று பத்துகளுக்கு (00, 10, 20... 90), இன்னொன்று ஒன்றுகளுக்கு (0 முதல் 9). 90-ம் 0-ம் விழுந்தால் 90. 00-ம் 5-ம் விழுந்தால் 5. 00-ம் 0-ம் விழுந்தால் பூஜ்யம் இல்லை, 100! இந்தக் கடைசி விதியில் புதியவர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தடுக்கி விழுவார். திரையில் '100' என்றே வந்துவிடுவதால் பேச்சுக்கே இடமில்லை.

குறியீட்டைப் படிப்பது

மெய்நிகர் பகடைகளுக்கு ஒரு சின்ன எழுத்து முறை உண்டு. ஒருமுறை பிடிபட்டால் எந்தத் தளத்திலும் பயன்படும். முன்னால் வரும் எண், எத்தனை பகடை என்பது. நடுவில் 'டி'. பிறகு பக்கங்களின் எண்ணிக்கை. கடைசியில் கூட்டவோ கழிக்கவோ வேண்டியது. ஆக 2டி6+3 என்றால் ஆறு பக்கப் பகடை இரண்டை உருட்டி, கூட்டி, மூன்றைச் சேர்ப்பது. தட்டச்சு செய்யும்போது 'டி'க்கு ஆங்கிலச் சிற்றெழுத்தைப் போட வேண்டும், இடைவெளி விடாமல் எழுதினால் எல்லாத் தளமும் புரிந்துகொள்ளும்.

ஓர் ஆட்டத்தில் இது எப்படி வரும் என்று பார்ப்போம். உங்கள் பாத்திரம் ஒரு திருடி. பூட்டிய அறை ஒன்றின் முன்னால் நிற்கிறாள். பூட்டைத் திறக்கிறேன் என்கிறீர்கள். நடத்துபவர் மனசுக்குள் ஒரு கடின அளவை வைத்துக்கொள்கிறார்: மொத்தம் 15 வர வேண்டும். உங்கள் திருடியின் கைத்திறனுக்கு +5 உண்டு. 1டி20+5 என்று தட்டுகிறீர்கள். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மொத்தம் 15 ஆகிவிடும், பூட்டு திறக்கும். 10-லிருந்து 20 வரை பதினோரு எண்கள். இருபதில் பதினொன்று, அதாவது 55 சதவீத வாய்ப்பு. டி20-ஐ வைத்து ஆடும்போது இந்தக் கணக்கை வாயிலேயே போடலாம், ஒவ்வோர் எண்ணும் 5 சதவீதம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இதில் ஓர் அழகான விதியைச் சேர்த்தது. சூழ்நிலை சாதகமாக இருந்தால் இரண்டு டி20 உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பாதகமாக இருந்தால் சிறியதை எடுக்க வேண்டும். நம் திருடிக்கு யாரோ விளக்குப் பிடிக்கிறார்கள், நேரமும் நிறைய இருக்கிறது என்று வையுங்கள். தோற்க வேண்டுமானால் இரண்டு பகடையுமே 9 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். அதற்கு வாய்ப்பு சுமார் 20 சதவீதம்தான். 55 சதவீதமாக இருந்த வெற்றி வாய்ப்பு 80-க்குப் போய்விட்டது. இருட்டில், பின்னால் காவலன் வரும் சத்தத்தோடு அதே பூட்டைத் திறந்தால் 30 சதவீதமாகச் சரிந்துவிடும். கூட்டல் கழித்தலே இல்லாமல் இவ்வளவு வித்தியாசம். ஆனால் 20 விழுந்தால்தான் உண்டு என்ற நிலையில் இதே சாதகம் 5 சதவீதத்தை 10-க்குச் சற்றுக் குறைவாகத்தான் உயர்த்தும். நடுத்தரமான காரியங்களில்தான் அது பெரிதாகக் கைகொடுக்கிறது.

ரோல்20 போன்ற ஆன்லைன் ஆட்டத் தளங்களிலும், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சேர்த்துக்கொள்ளும் பாட் என்ற தானியங்கி நிரல்களிலும் இதை எழுத இரண்டு எழுத்துகள் சேர்ப்பார்கள். 2டி20-க்குப் பின்னால் 'கே', 'ஹெச்' என்ற ஆங்கில எழுத்துகளும் 1 என்ற எண்ணும் வந்தால், இரண்டில் பெரிய ஒன்றை வைத்துக்கொள் என்று பொருள். 'ஹெச்'சுக்குப் பதில் 'எல்' வந்தால் சிறியதை வைத்துக்கொள். புதிய பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்ற மதிப்புகளை முடிவு செய்யும்போதும் இதே உத்திதான்: நான்கு டி6 உருட்டி, சிறிய ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவது. வெறும் மூன்று பகடை உருட்டினால் 18 கிடைக்க 216-ல் ஒரு வாய்ப்பு. நான்கு உருட்டி ஒன்றை ஒதுக்கினால் ஏறத்தாழ 62-ல் ஒன்று. வீரர்களாக ஆடும் ஆட்டத்தில் பாத்திரம் கொஞ்சம் தேறியவராக இருக்கட்டும் என்பதற்காக வைத்த தாராளம் அது.

பல பகடைகளைச் சேர்த்து உருட்டும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தாயம் ஆடியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்ததுதான். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் மூன்று என்ற கூட்டு நான்கு விதத்தில் வரும். இரண்டும் நான்கும் மும்மூன்று விதம். தாயம் இரண்டே விதம், ஐந்தும் அப்படியே. ஆறு ஒரே விதம். இரண்டும் வெறுமையாக விழுந்து கிடைக்கும் பன்னிரண்டும் ஒரே விதம். காயை இறக்கத் தாயம் வேண்டும் என்று விதி வைத்து ஆடும்போது, எட்டில் ஒரு வாய்ப்புக்காகத்தான் எல்லோரும் கட்டையை உருட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

டி20-ல் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு, அதனால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற பதற்றம் ஆட்டம் முழுக்க இருக்கும். 2டி6-ல் 7 விழ 36-ல் 6 வாய்ப்பு, 2 விழவோ 12 விழவோ ஒவ்வொரு வாய்ப்புதான். அந்த வகை ஆட்டங்களில் திறமையுள்ள பாத்திரம் பெரும்பாலும் திறமையாகவே நடந்துகொள்ளும். எந்த ஆட்டம் உங்களுக்குப் பிடிக்கிறது என்பதில் இந்த வேறுபாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் கருத்து. கதையைப் பார்த்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள், அதன் பகடையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மெய்நிகர் பகடை நிஜமாகவே கைகொடுப்பது பெரிய உருட்டல்களில். மந்திரவாதி நெருப்புப் பந்தை வீசினால் சேதம் 8டி6. எட்டுப் பகடையை உருட்டி, மேஜைக்கு அடியில் ஓடியதைத் தேடி எடுத்து, விரல் விட்டுக் கூட்டுவதற்குள் சண்டையின் சூடு ஆறிவிடும். திரையில் ஒரு தட்டு, பதில் வந்துவிடும். குறைந்தது 8, அதிகம் 48, சராசரி 28. அந்த 48 விழுந்துவிட்டால் கூச்சல் போட்டுக் கொண்டாடுங்கள், வாய்ப்பு 16,79,616-ல் ஒன்றுதான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கணினிக்குத் தானாக எதையும் தற்செயலாகச் செய்யத் தெரியாது. சொன்ன கணக்கைச் சொன்னபடி போடத்தான் தெரியும். அதனால் பெரும்பாலான நிரல்கள் போலித் தற்செயல் எண்களைப் பயன்படுத்துகின்றன. ஓர் ஆரம்ப எண்ணை எடுத்துக்கொண்டு, அதைப் பெருக்கி, கலக்கி, புரட்டி அடுத்த எண்ணை உண்டாக்குவது, அதிலிருந்து அதற்கடுத்தது. பார்ப்பவருக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. ஆனால் ஆரம்ப எண் ஒன்றாக இருந்தால் வரிசையும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். இந்த ஆரம்ப எண்ணை விதை என்பார்கள். மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைகளுக்கு இது தெரியும்: ஒரே பதிப்பில் ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் நண்பன் வீட்டுக் கணினியிலும் அதே மலை, அதே ஆறு.

இந்தக் கணக்குகளில் பேர்பெற்ற ஒன்று மெர்சென் ட்விஸ்டர். ஜப்பானைச் சேர்ந்த மகோட்டோ மட்சுமோட்டோ, டகுஜி நிஷிமுரா இருவரும் 1998-ல் வெளியிட்டது. பைதான் என்ற நிரல் மொழியின் வழக்கமான தற்செயல் எண்கள் இதிலிருந்துதான் வருகின்றன. இதன் வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்கு முன் எத்தனை எண்களைக் கொடுக்கும் என்பதை எழுதினால் அந்த எண்ணிக்கைக்கே 6,002 இலக்கங்கள் வேண்டும். உலகம் முழுக்க எல்லோரும் ஆயுள் முழுக்க டி20 உருட்டினாலும் அதன் ஓரத்தைக்கூடத் தொட முடியாது.

நிஜத் தற்செயலைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த மட்ஸ் ஹார் 1998-ல் தொடங்கிய ராண்டம் டாட் ஆர்க் என்ற தளம், வளிமண்டலத்தில் இருக்கும் ரேடியோ இரைச்சலைப் பிடித்து எண்ணாக மாற்றித் தருகிறது. அங்கே பகடை உருட்டவும் ஒரு பக்கம் உண்டு. உங்கள் திருடியின் பூட்டைத் திறக்க இது தேவையா என்றால், தேவையில்லை. பயன்படுத்தினால் தப்பும் இல்லை.

விதை முக்கியமாகிற இடம் ஒன்று உண்டு, பணம் புழங்கும் இடம். 1999-ல் ஆன்லைன் போக்கர் தளங்கள் பயன்படுத்திய ஒரு சீட்டுக் கலக்கும் நிரலை மென்பொருள் ஆய்வாளர்கள் சிலர் உடைத்துக் காட்டினார்கள். 52 சீட்டுகளை அடுக்கும் விதங்களின் எண்ணிக்கையை எழுத 68 இலக்கங்கள் வேண்டும். அந்த நிரலோ நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிவினாடி கடந்தது என்பதையே விதையாக வைத்திருந்தது. ஒரு நாளில் இருப்பதே 8,64,00,000 மில்லிவினாடிகள்தான். சர்வரின் கடிகாரத்தை ஒட்டித் தங்கள் கடிகாரத்தை வைத்ததும் பார்க்க வேண்டிய விதைகள் சுமார் 2 லட்சமாகச் சுருங்கிவிட்டன. மேஜையில் திறந்த சில சீட்டுகளை வைத்து, மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று அவர்களால் உடனுக்குடன் சொல்ல முடிந்தது. நண்பர்களோடு கதை ஆடும்போது யாரும் இவ்வளவு தூரம் போக மாட்டார்கள். காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு, எவரோ எழுதிப் போட்ட பகடையை நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்களே ஒரு பகடை நிரல் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால், பலரும் சறுக்கும் இடம் இது. கணினி 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தருகிறது, அதாவது 256 வாய்ப்புகள். இதை டி20 ஆக்க வேண்டும். 20-ஆல் வகுத்து மீதியை எடுத்து ஒன்றைக் கூட்டினால் 1 முதல் 20 வரை வந்துவிடும் என்று தோன்றும். வரவும் செய்யும். ஆனால் 256-ஐ 20-ஆல் வகுத்தால் 12 முழுச் சுற்று போக 16 மிஞ்சும். அந்த 16-ம் 1 முதல் 16 வரையுள்ள எண்களுக்கே போய்ச் சேர்கின்றன. அவற்றுக்கு 13 வாய்ப்பு, 17 முதல் 20 வரைக்கு 12 வாய்ப்பு. எல்லோரும் ஆசையாக எதிர்பார்க்கும் 20-க்கு 5 சதவீதம் கிடைக்க வேண்டியது, 4.7 ஆகிவிட்டது. மருந்து எளிது: 240-லிருந்து 255 வரை எந்த எண் வந்தாலும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். மிச்சம் இருப்பது 240, இருபதால் சரியாக வகுபடும். நன்றாக எழுதிய பகடைகள் இந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்துவிட்டுத்தான் வருகின்றன.

"இந்தப் பகடைக்கு என்மேல் என்ன கோபம்?"

மெய்நிகர் பகடை பற்றி அதிகம் கேட்கும் புகார் இது. நேற்று முழுக்க எனக்கு 20 விழவே இல்லை, நிரலில் ஏதோ கோளாறு என்பார்கள். டி20-ஐ இருபது தடவை உருட்டினால் ஒரு தடவைகூட 20 விழாமல் போக சுமார் 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேரில் ஒருவருக்கு அந்த மாலை அப்படித்தான் போகும். ஒரே எண் அடுத்தடுத்து விழுந்தாலும் சந்தேகம் வருகிறது. ஒரு மாலையில் மேஜை முழுக்கச் சேர்ந்து 60 உருட்டல் என்று வைத்தால், முந்தைய எண்ணே மறுபடி விழுவது சராசரியாக மூன்று தடவை நடக்கும். தற்செயல் என்பது சீராகப் பரவி வரும் என்று நம் மனசு எதிர்பார்க்கிறது. நிஜத் தற்செயல் கொத்துக் கொத்தாகத்தான் வரும். மூன்று தடவை 1 விழுந்துவிட்டது, அடுத்தது பெரிதாகத்தான் விழும் என்பதும் இதே மயக்கம். முன்னால் என்ன விழுந்தது என்பது பகடைக்குத் தெரியாது.

கையால் உருட்டும் பகடைதான் நியாயமானது என்று நினைக்கிறவர்களுக்கு வெல்டனின் கதையைச் சொல்ல வேண்டும். டபிள்யூ. எஃப். ஆர். வெல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் பன்னிரண்டு பகடைகளைச் சேர்த்து 26,306 தடவை உருட்டிய முடிவுகளை 1894-ல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளருக்கு எழுதி அனுப்பினார். மொத்தம் 3,15,672 பகடை விழுந்த கணக்கு அது. 5 அல்லது 6 சரியாக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 தடவை விழுந்திருக்க வேண்டும். விழுந்தது 1,06,602. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இவ்வளவு உருட்டலில் தற்செயலாக வர முடியாத அளவு. 1900-ல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் தன் புகழ்பெற்ற புள்ளியியல் சோதனையை வெளியிட்டபோது இந்தக் கணக்கையும் சோதித்துக் காட்டினார். புள்ளிகளைக் குடைந்து எடுத்த பகடையில் ஆறு புள்ளி உள்ள பக்கம் கொஞ்சம் எடை குறைந்துவிடும், அதுவே மேலே வரப் பார்க்கும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பகடைக்குள் காற்றுக்குமிழி இருந்தாலும் இதே கதைதான். உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே எண் மேலே வந்தால் அந்தப் பகடையின் எடை ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.

மெய்நிகர் பகடையைச் சோதிப்பது இதைவிட எளிது. டி20-ஐ 2,000 தடவை உருட்டி, எந்த எண் எத்தனை தடவை என்று எண்ணுங்கள். பல தளங்கள் ஒரே கட்டளையில் 100 பகடை உருட்டித் தரும் என்பதால் இருபது கட்டளையில் முடிந்துவிடும். ஒவ்வோர் எண்ணும் 100-ஐ ஒட்டி வர வேண்டும். 80-க்கும் 120-க்கும் நடுவில் இருந்தால் நல்ல பகடை. ஒன்றிரண்டு எண்கள் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை. ஏதாவது ஓர் எண் 150-ஐத் தொட்டால் அந்தச் செயலியை அழித்துவிடலாம்.

மேஜையில் எப்படி ஆடுவது

இவ்வளவு கணக்கும் சொன்ன பிறகு, என் மனசில் முக்கியமாக இருப்பதைச் சொல்கிறேன். நண்பர்கள் ஆட்டத்தில் பகடையின் நேர்மையால் வரும் பிரச்சினை அபூர்வம். உருட்டல் எல்லோர் கண்ணிலும் படுகிறதா என்பதில்தான் மனஸ்தாபங்கள் தொடங்குகின்றன. ஒருவர் தன் போனைத் தானே பார்த்து "பதினெட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், நாலாவது தடவை மற்றவர்கள் முகம் மாறும். அதனால் பொதுவான இடத்தில் உருட்டுங்கள். ஆன்லைனில் ஆடுகிறவர்களுக்கு 2012-ல் வந்த ரோல்20, அதன்பின் வந்த ஃபவுண்ட்ரி போன்ற தளங்கள் உருட்டல் ஒவ்வொன்றையும் உரையாடல் பெட்டியில் எல்லோருக்கும் காட்டும். யார் உருட்டினார், எந்தப் பகடை, எது விழுந்தது, எவ்வளவு கூட்டியது எல்லாம் பதிவாகிவிடும். சும்மா பேசிக்கொண்டே ஆடும் குழுவுக்கு டிஸ்கார்டில் ஒரு பகடை பாட் சேர்த்தாலே போதும். அந்த எழுத்துப் பதிவால் இன்னொரு நன்மையும் உண்டு. பார்வை இல்லாத நண்பர் குழுவில் இருந்தால், திரையை வாசிக்கும் மென்பொருள் அந்த எண்ணை அவருக்குப் படித்துக் காட்டும், யார் தயவும் இல்லாமல் தன் உருட்டலைத் தானே அறிவிக்கலாம்.

உருட்டுவதற்கு முன்னால் எதற்காக உருட்டுகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "பூட்டைத் திறக்கிறேன், கைத்திறன், கூட்டல் அஞ்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டுங்கள். பிளாஸ்டிக் பகடையைக் கையில் எடுத்துக் குலுக்குவதற்குள் இதெல்லாம் தானாகப் பேசி முடிந்துவிடும். திரையில் விரல் வேகமாகப் போய்விடுகிறது. முதலில் 4 விழுந்ததும் "சும்மா தட்டிப் பார்த்தேன்" என்று ஒருவர் மறுபடி தட்டினால், பதிவில் முதலில் விழுந்ததுதான் கணக்கு என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தால் வாக்குவாதம் வராது. இணையம் விட்டுவிட்டு வந்து ஒரே உருட்டல் இரண்டாகப் பதிவானாலும் இதே விதியை வைத்துக்கொள்ளலாம்.

நடத்துபவருக்கு மட்டும் ரகசிய உருட்டல் தேவைப்படும். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் உங்களைக் கவனித்தானா என்பதை அவர் எல்லோர் முன்னும் உருட்டினால் அங்கே ஒருவன் இருப்பதே தெரிந்துவிடும். ரோல்20-ல் இதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது, முடிவு அவருக்கு மட்டும் தெரியும். எந்தெந்த விஷயங்களை மறைத்து உருட்டுவேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது அழகு. சண்டையில் ஒரு பாத்திரத்தின் உயிர் போகிற உருட்டலை மட்டும் திறந்தே உருட்டச் சொல்வேன். செத்தாலும் எல்லோரும் பார்த்துச் செத்தது என்றால் அந்த வீரருக்கு மனசு ஆறும்.

முப்பரிமாணத்தில் பகடை உருண்டு, மோதி, நிற்கும் காட்சியைப் பல தளங்கள் காட்டும். பெரும்பாலும் எண் முன்பே முடிவாகிவிட்டிருக்கும், காட்சி அதற்கேற்ப ஓடும். அதனால் அது பொய் என்று நினைத்து அணைத்துவிட வேண்டாம். அந்த இரண்டு வினாடி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதில்தான் ஆட்டத்தின் சுகமே இருக்கிறது. பழைய போன் திணறினால் மட்டும் அணையுங்கள்.

செயலி தேர்ந்தெடுப்பதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. இணையம் இல்லாமலும் உருள வேண்டும், கடைசிச் சில உருட்டல்களைக் காட்ட வேண்டும், 2டி6+3 போலக் கூட்டிச் சொல்ல வேண்டும். பகடைச் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால் நிறுவாதீர்கள். எண் தேர்ந்தெடுக்க அவை எதுவும் தேவையே இல்லை.

எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதாக இருந்தால் ஒரு போனை மேஜை நடுவில் வைத்து அதிலேயே எல்லோரும் உருட்டலாம், அல்லது ஒரு டேப்லெட்டைப் பொதுவாக வைக்கலாம். ஒருவர் மட்டும் சொந்தப் பகடையைக் கையால்தான் உருட்டுவேன் என்றால் விட்டுவிடுங்கள். வீடியோ அழைப்பில் ஆடினால் கேமராவுக்குத் தெரியும்படி ஒரு தட்டில் உருட்டட்டும். முதல் நாளுக்கு டி20-யும் டி6-ம் தெரிந்தால் போதும். மந்திரமும் ஆயுதமும் கைக்கு வரும்போது டி8, டி10, டி12 எல்லாம் உங்கள் பாத்திரத்தின் விவரத் தாளிலேயே எழுதியிருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.